கணவன் மனைவிக்காகப் போடும் ஐ-130 மனு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ளப் போட வேண்டிய முதல் மனு ஐ-130. என் கணவருக்காக நான் இதைப் போட்டபோது இரண்டு மாதம் தூக்கம் கெட்டது. அதற்குப் பிறகு உறவிலும் நட்பிலும் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்து அவர்கள் தாள்களைப் பார்த்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியும். அதில் முக்கால்வாசி சட்டச் சிக்கல் கிடையாது, பெயரும் தேதியும் பண்ணுகிற வேலை.

கிரீன் கார்டு வைத்திருப்பவரும் மனுப் போடலாமா?

போடலாம். படிவம் ஒன்றுதான், வரிசை வேறு. குடியுரிமை உள்ளவரின் கணவன் அல்லது மனைவிக்கு ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு கிடையாது. மனு ஒப்புதல் ஆனதும் அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். கிரீன் கார்டுக்காரரின் துணைக்கு எஃப்2ஏ என்ற பிரிவு. அதற்கு வரம்பு உண்டு, அதனால் காத்திருப்பும் உண்டு. உங்கள் மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதிதான் வரிசையில் உங்கள் இடம். எந்தத் தேதி வரை வரிசை நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் அந்தத் தேதி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மனு நிலுவையில் இருக்கும்போதே மனுதாரருக்குக் குடியுரிமை கிடைத்துவிட்டால், மனு தானாகவே மேல் பிரிவுக்கு மாறும். புது மனு வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழின் நகலை அனுப்பித் தெரிவித்தால் போதும். நல்ல செய்திதான், ஆனால் குழந்தை இருப்பவர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. எஃப்2ஏ பிரிவில் அம்மாவின் மனுவோடு சேர்ந்தே பிள்ளையும் வரலாம். குடியுரிமைக்காரரின் துணைக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி ஐ-130 போட வேண்டும். இது தெரியாமல் மனைவிக்கு விசா வந்து, பிள்ளைக்கு வராமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். துணையின் முந்தைய திருமணத்துக் குழந்தை என்றாலும் மனுப் போடலாம், அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆவதற்கு முன் உங்கள் கல்யாணம் நடந்திருக்க வேண்டும்.

நிச்சயம் மட்டும் ஆகியிருக்கிறது. இப்போதே போடலாமா?

ஐ-130 போட முடியாது. கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். நிச்சயம் ஆனவர்களுக்கு ஐ-129எஃப் என்று வேறு மனு இருக்கிறது, கே-1 விசாவுக்கானது. குடியுரிமை உள்ளவர் மட்டுமே அதைப் போடலாம். மனுப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வந்து இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம் முடிய வேண்டும். அதன் பிறகு கிரீன் கார்டுக்கு மறுபடி ஒரு படிவம், மறுபடி ஒரு கட்டணம். ஊரில்தான் கல்யாணம் என்று பேசி முடித்த வீடுகளுக்கு இந்த வழி பொருந்தாது. கல்யாணத்தை முடித்து, பதிவு செய்து, ஐ-130 போடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

கோயிலில் நடந்த கல்யாணம் செல்லுமா?

எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துச் சட்டப்படி செல்லுபடியான கல்யாணம் என்றால் அமெரிக்காவும் ஏற்றுக்கொள்ளும். சிக்கல், அதை நிரூபிக்கும் தாளில் இருக்கிறது. கோயில் ரசீது, மண்டபப் பில், அழைப்பிதழ் எல்லாம் துணைச் சான்றுகள்தான். அரசுப் பதிவுச் சான்றிதழ்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், எந்த மதமானாலும். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணமும் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவின் கீழ் செல்லும். அதையும் பதிவு செய்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

விடுமுறை முடிந்து விமானம் ஏறும் முன் பதிவை முடிப்பது நல்லது. அப்போதே சான்றிதழில் இருக்கும் பெயர்களை ஒவ்வொரு எழுத்தாகப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் நின்றுகொண்டே ஒரு எழுத்தைத் திருத்துவதும், கடல் தாண்டி வந்த பிறகு திருத்துவதும் ஒன்றல்ல.

இன்னொன்று. வீடியோ அழைப்பில் ஒருவர் அங்கேயும் ஒருவர் இங்கேயும் இருந்தபடி நடந்த கல்யாணம், பிறகு இருவரும் நேரில் சேர்ந்து கணவன் மனைவியாக வாழ்ந்திராவிட்டால், குடியேற்றச் சட்டத்தில் கணக்கில் வராது.

பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது? என் மனைவிக்கு இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இந்தப் படிவத்திலேயே பெரிய கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். படிவம் கேட்பது குடும்பப் பெயர், முதல் பெயர், நடுப்பெயர். நமக்கு இருப்பது ஒரு பெயர், அதன் முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் வெறும் "செல்வி" என்று இருக்கும். பள்ளிச் சான்றிதழில் "கே. செல்வி". பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். கல்யாணப் பதிவில் அந்த எழுத்தர் மனம்போனபடி ஏதோ ஒன்று. நான்கும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

விதி ஒன்று: படிவத்தின் முதன்மைப் பெயர்க் கட்டத்தில் பாஸ்போர்ட்டில் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். குடும்பப் பெயர் வரியில் என்ன இருக்கிறதோ அது குடும்பப் பெயர், அது அப்பா பெயராக இருந்தாலும் சரி. விதி இரண்டு: "பயன்படுத்திய பிற பெயர்கள்" என்ற பகுதியை வெறுமையாக விடாதீர்கள். பள்ளிச் சான்றிதழ் வடிவம், இனிஷியல் வடிவம், எழுத்துக்கூட்டு மாறிய வடிவம், கல்யாணத்துக்கு முந்தைய பெயர் எல்லாவற்றையும் அங்கே போடுங்கள். ழகரத்தை ஒரு சான்றிதழ் இசட், எச் என்று எழுதும். இன்னொன்று எல் என்று எழுதும். அதுவும் பிற பெயர்தான். மாற்றுப்பெயர் என்றாலே திருட்டுக் கேஸ் மாதிரி இருக்கிறதே என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். எழுதினால் ஒரு வரியோடு போகும். எழுதாவிட்டால்தான் கேள்வி வரும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் வரியே காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று விழும். "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம் அது. வந்த பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளச் சீட்டு என்று எங்கே போனாலும் இந்த மூன்றெழுத்து பின்னாலேயே வரும். இன்னும் மனுப் போடவில்லை என்றால், முதலில் ஊரில் பாஸ்போர்ட்டைக் குடும்பப் பெயரோடு மறுபடி வாங்கிவிட்டு, அதே பெயரில் மனுவைப் போடுங்கள். சில வாரம் தாமதமாகும், பரவாயில்லை.

தமிழில் எழுதச் சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறதாமே?

ஆமாம். துணையின் தாய்மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படாத மொழி என்றால், பெயரையும் வெளிநாட்டு முகவரியையும் அந்த மொழியிலேயே எழுதச் சொல்கிறது ஐ-130. பெயரையும் தெருவையும் ஊரையும் அழகாகத் தமிழில் எழுதலாம். முழுப் படிவத்திலும் எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே கட்டம் அதுதான்.

தேதியை எப்படி எழுதுவது?

மாதம், நாள், வருடம். நவம்பர் 5ஆம் தேதி பிறந்தவர் நம் வழக்கப்படி 05/11 என்று எழுதினால் அங்கே அவர் மே 11 அன்று பிறந்தவர் ஆகிவிடுவார். நாள் 12ஐத் தாண்டினால் தவறு கண்ணில் படும். அதற்குள் இருந்தால் யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்விடும். பள்ளியில் சேர்க்கும்போது வயதை மாற்றிக் கொடுத்த கதை இருந்தால் அதையும் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் பாஸ்போர்ட்டும் ஒரே தேதியைச் சொல்ல வேண்டும்.

ஐந்து வருட முகவரி, வேலை விவரம் எல்லாம் வேண்டுமா?

வேண்டும், இருவருக்கும். மனுதாரருடையது ஐ-130இல் வரும். துணையுடையது ஐ-130ஏ என்ற கூடுதல் படிவத்தில். துணை வெளிநாட்டில் இருந்தால் ஐ-130ஏ படிவத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, ஆனால் படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்பியே ஆக வேண்டும். நடுவில் இடைவெளி விடாதீர்கள். வேலை இல்லாத மாதங்களுக்கு "வேலை இல்லை" என்றே எழுதலாம். படித்துக்கொண்டிருந்தால் மாணவர். விடுதி, பேயிங் கெஸ்ட், அத்தை வீடு எல்லாம் முகவரிதான்.

உடல் அடையாளப் பகுதியில் உயரம் அடி அங்குலத்தில், எடை பவுண்டில். இனம் என்ற கட்டத்தில் நமக்கு ஆசியர். அதற்கு மேலே ஹிஸ்பானிக் என்று கேட்பதற்கு இல்லை.

கடைசியில் எந்தத் தூதரகம் என்று கேட்கிறது. சென்னை என்று போடலாமா?

துணை அமெரிக்காவில் இருந்து அங்கேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கப் போகிறாரா, இல்லை வெளிநாட்டுத் தூதரகத்தில் விசா வாங்கப் போகிறாரா என்பதுதான் அந்தக் கேள்வி. இரண்டில் ஒன்றைத்தான் நிரப்ப வேண்டும். துணை இந்தியாவில் இருந்தால் குடியேற்ற விசா நேர்காணல் வழக்கமாக மும்பையில். சென்னையில் சுற்றுலா விசா வாங்கிய பழக்கத்தில் பலரும் சென்னை என்று எழுதிவிடுகிறார்கள். இலங்கையில் இருப்பவருக்குக் கொழும்பு. அமெரிக்காவிலேயே விண்ணப்பிப்பார் என்று தவறாகக் குறித்துவிட்டால் ஒப்புதலான கோப்பு தூதரகப் பக்கம் நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதை நகர்த்த ஐ-824 என்று இன்னொரு படிவம், இன்னொரு கட்டணம்.

கல்யாணம் உண்மை என்று எப்படிக் காட்டுவது? பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம், பழக்கமே ஒரு மாதம்தான்.

பார்த்து வைத்த கல்யாணம் என்பது குறை இல்லை. அதை அப்படியே சொல்லலாம். யார் மூலம் வரன் வந்தது, எப்போது பெண் பார்த்தீர்கள், எப்போது நிச்சயம், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், பிறகு எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். படங்களில் மணமக்கள் மட்டும் நிற்கும் ஸ்டூடியோ படத்தை விட, இரு வீட்டாரும் சேர்ந்து நிற்கும் படம் மேல். பின்னால் யார், எங்கே, என்று என எழுதுங்கள். அப்புறம் விமானச் சீட்டுகள், பாஸ்போர்ட் முத்திரைகள், சேர்ந்து தங்கிய இடத்தின் பில்கள், பணம் அனுப்பிய விவரம், வங்கிக் கணக்கிலோ காப்பீட்டிலோ துணையின் பெயரைச் சேர்த்தது. அழைப்பு விவரமும் அரட்டையும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும். ஒருவர் முந்நூறு பக்கம் அச்சடித்து வைத்திருந்தார், பாதி "சாப்டாச்சா"தான். அதிகாரி அதைப் படிக்கப் போவதில்லை.

ஐந்நூறு பேர் வந்த கல்யாணத்தில் சாட்சிக்கா பஞ்சம்? தெரிந்தவர் இருவரிடம், தாங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதி வாங்குங்கள்.

காகிதத்துக்காக மட்டும் செய்த கல்யாணம் என்று தீர்மானித்துவிட்டால், அந்தத் துணைக்கு எதிர்காலத்தில் வேறு யார் மனுப் போட்டாலும் ஒப்புதல் கிடையாது. தண்டனையும் 5 ஆண்டு சிறை, 2,50,000 டாலர் அபராதம் வரை போகும். "தெரிந்த பையன்தான், பேருக்கு ஒரு கையெழுத்து" என்று யாராவது கேட்டால் இதை நினைவில் வையுங்கள்.

முதல் கல்யாணம் முறிந்தவர்கள்?

இருவரில் யாருக்கு முன்பு திருமணம் ஆகியிருந்தாலும் எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது இறப்புச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூன்றே மாதம் நீடித்த பழைய கதை என்றாலும் சரி. தீர்ப்புத் தேதி புதுக் கல்யாணத் தேதிக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டோம் என்பது இங்கே எடுபடாது.

தமிழில் உள்ள சான்றிதழ்களுக்கு நோட்டரி மொழிபெயர்ப்பு வேண்டுமா?

முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், நோட்டரி வேண்டாம். இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர், இது முழுமையானது, சரியானது, எனக்கு இந்த இரு மொழியும் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரையில் இருக்கும் வாசகத்தையும் விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். மனுதாரரோ துணையோ தாங்களே செய்யாமல் வேறொருவரைச் செய்யச் சொல்வது நல்லது.

பிறப்பே பதிவாகவில்லை என்றால் பதிவு இல்லை என்ற சான்றை உரிய அலுவலகத்தில் வாங்குங்கள். அதோடு பிறப்பை நேரடியாக அறிந்த பெற்றோர், மூத்த உறவினர் தரும் பிரமாணப் பத்திரங்களும் பள்ளிச் சான்றிதழும் சேர வேண்டும்.

ஆன்லைனா, காகிதமா? செலவு எவ்வளவு?

2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675. அனுப்பும் நாளில், மனுவைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான் காகிதத்தில் போட்டேன். ஒரே ஒரு கையெழுத்து விட்டுப்போனதால் முழுக் கட்டும் திரும்பி வந்தது. ஆன்லைனில் கையெழுத்து இல்லாமல் அடுத்த பக்கமே வராது, ரசீது எண்ணும் உடனே கிடைக்கும். பாதியில் விட்டால் கடைசியாகத் தொட்ட நாளிலிருந்து 30 நாள் வரை அப்படியே இருக்கும். காகிதம்தான் என்றால் படிவத்தின் பதிப்புத் தேதி நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காசோலை வாங்குவதில்லை. அட்டையில் கட்ட ஜி-1450 படிவம், வங்கிக் கணக்கிலிருந்து கட்ட ஜி-1650 படிவம்.

மனு ஒப்புதலான பிறகு, தூதரகத்துக்குப் போகும் முன் கோப்பைக் கையாளும் தேசிய விசா மையத்தில் விசா விண்ணப்பத்துக்கு 325, ஸ்பான்சர் ஆவணத்துக்கு 120. விசா வந்ததும் கிரீன் கார்டு அச்சிட 235. மருத்துவப் பரிசோதனை தனி.

சம்பளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

ஐ-130 சம்பளத்தைக் கேட்பதில்லை. தேசிய விசா மையத்தில் ஐ-864 என்ற ஸ்பான்சர் ஆவணம் போடும்போது கேட்பார்கள். வறுமைக் கோட்டின் 125 சதவீதம் வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு 26,437 டாலர். அலாஸ்காவுக்கும் ஹவாயிக்கும் இதைவிட அதிகம். தலை எண்ணும்போது முன்பு நீங்கள் ஸ்பான்சர் செய்த அம்மா அப்பாவையும் சேர்க்க வேண்டியிருக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். வருமானம் போதாவிட்டால் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம். அப்படிக் கேட்கும் முன் அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: இது வெறும் கையெழுத்து இல்லை. வந்தவர் குடியுரிமை வாங்கும் வரை, அல்லது வேலைக் கணக்கில் 40 காலாண்டு சேரும் வரை, அல்லது நாட்டை விட்டே போகும் வரை, அல்லது இறக்கும் வரை பொறுப்பு தொடரும். விவாகரத்து ஆனாலும் விடாது.

மனு நிலுவையில் இருக்கும்போது சுற்றுலா விசாவில் வந்து பார்த்துவிட்டுப் போகலாமா?

தடை இல்லை, கிடைப்பது கடினம். நிரந்தரமாக வரத் திட்டம் இருப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். சுற்றுலா விசாவுக்குத் திரும்பிப் போவேன் என்று காட்ட வேண்டும். விண்ணப்பத்தில் மனுவை மறைப்பது மட்டும் கூடவே கூடாது. இங்கேயே தங்கும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா விசாவில் வருவதும் அப்படித்தான். நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அந்தப் பயணச் சீட்டும் கோப்பில் சேரும்.

கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நிராகரித்துவிடுவார்களா?

இல்லை, கேட்டதைக் கொடுத்தால் போதும். ஆனால் ஒரே தடவையில் எல்லாவற்றையும் கெடு தேதிக்குள் அனுப்ப வேண்டும். பாதி இன்றைக்கு, மீதி அடுத்த வாரம் என்றால், முதலில் வந்ததை வைத்தே முடிவெடுத்துவிடுவார்கள். அவர்கள் அனுப்பிய கடிதத்தை மேலே வையுங்கள்.

விசா வந்துவிட்டது. வேலை முடிந்ததா?

கல்யாணமாகி 2 ஆண்டு ஆவதற்குள் துணை வந்து இறங்கினால், கிடைப்பது 2 ஆண்டுக்கான நிபந்தனைக் கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ஐ-751 போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். 2 ஆண்டு நிறைய இன்னும் சில வாரம்தான் இருக்கிறது என்றால், விசா செல்லும் காலத்துக்குள் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அந்த மனுவையே தவிர்த்தவர்கள் உண்டு. இல்லாவிட்டால், அனுப்பிய எல்லாவற்றின் நகலையும் ஒரு கோப்பில் வைத்திருங்கள். டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பும்போது ஒருமுறை, நேர்காணலுக்கு முந்தின இரவு ஒருமுறை, ஐ-751 போடும்போது ஒருமுறை என்று மூன்று தடவையாவது அதைத் திறப்பீர்கள்.